புள்ளி மறைந்த பிறகும்

(மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களைப் பற்றி ஊரார் இரண்டு விதமாகப் பேசுவது வழக்கம். ‘வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு’ என்பர் சிலர். ‘பார்த்துக்கொண்டிருந்தால் மனத்துக்கு அமைதி’ என்பர் வேறு சிலர். இவ்விரு சாராரும் எண்ணிப் பாராத செய்தி ஒன்று உண்டு. நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அடைபட்ட அந்தச் சிறு நீர்ப்பரப்பில், ஒரு குளத்தில் நடப்பவை யாவும் நடக்கின்றன. அங்கே பசி உண்டு, போட்டி உண்டு, இனப்பெருக்கம் உண்டு, நோயும் உண்டு. குளத்திலே நோயுற்ற மீன் விலகிப் போக இடம் இருக்கிறது. நோய்க்கிருமியும் பரந்த நீரில் மீனைத் தேடிக் கிடைக்காமல் மடிகிறது. தொட்டியிலோ இரண்டுக்கும் போக்கிடம் இல்லை. ஆகவே, குளத்தில் ஓரிரு மீன்களோடு நின்றுவிடக்கூடிய நோய், தொட்டிக்குள் புகுந்தால் ஒன்றையும் விட்டுவைப்பதில்லை.

அத்தகைய நோய் ஒன்றோடு எங்கள் வீடு ஒரு மாத காலம் போராடியது. வெண்புள்ளி நோய் என்பது அதன் பெயர். மீன் வளர்க்கும் நண்பர்களுக்குப் பயன்படும் என்பதற்காக மட்டுமின்றி, அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டாருக்குக் கற்பித்த பாடத்துக்காகவும் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு மீன்தொட்டி வந்தது அழகுக்காக அன்று. என் தந்தை தையல் தொழிலாளி. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் கடைத்தெருவில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இயந்திரம் மிதித்தவர். 2022 மார்ச் மாதத்தில் அவருக்குப் பக்கவாதம் கண்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வலக்கையும் வலக்காலும் தளர்ந்துவிட்டன. பேச்சும் நிதானமாகிவிட்டது. கத்தரிக்கோல் பிடித்த கை கரண்டியைப் பிடிக்க முடியாமல் தவித்தது. மருத்துவமனையில் இயன்முறைப் பயிற்சி கொடுத்தவர், “பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையாவது கிள்ளி எடுத்துப் பழக வேண்டும். ஒரு நாளும் விடக்கூடாது” என்று சொல்லி அனுப்பினார். அம்மா ஒரு தட்டில் துவரம்பருப்பைப் பரப்பி வைத்தார். இரண்டு நாள் எடுத்துப் போட்டார் அப்பா. மூன்றாம் நாள், “நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

எனக்கு வந்த கல்வி உதவித்தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, அந்த ஆண்டு மே மாதத்தில் இரண்டரை அடி நீளமுள்ள பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றையும், நான்கு தங்கமீன்களையும் வாங்கி வந்தேன். கட்டிலின் அருகே சிமெண்டு மேடையில் அதை வைத்தோம். அறுபது லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மீனுக்குப் போடும் தீனியோ கடுகினும் சற்றே பெரிய உருண்டை. அதைக் கிள்ளித்தான் எடுக்க வேண்டும்; கிள்ளித்தான் போட வேண்டும். பருப்பை எடுக்க வெட்கப்பட்டவர், மீனுக்குத் தீனி போட வெட்கப்படவில்லை. பசித்த உயிர்கள் நான்கு கண்ணாடியருகே வந்து வாயைத் திறந்து நின்றால் யாருக்குத்தான் கை நீளாது? காலையும் மாலையும் உருண்டை உருண்டையாக அவர் எடுத்துப் போடுவார். முதலில் பாதி கீழே சிதறும். போகப் போகச் சிதறுவது குறைந்தது. வாசகர் இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னர் நிகழ்ந்தவற்றின் கனம் விளங்கும்.

சென்னையில் வேலை பார்க்கும் என் தாய்மாமன் 2022 டிசம்பர் 4-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வந்தார். அத்தானுக்குப் பிடிக்குமே என்று ஆறு கறுப்பு மோலி மீன்களைப் பாலிதீன் பையில் கொண்டுவந்திருந்தார். அன்று நான் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் பக்கத்துக் கிராமம் சென்றிருந்தேன். மாமா அன்பின் மிகுதியால் பையை அவிழ்த்து நேரே தொட்டியில் விட்டுவிட்டார். மாலையில் நான் வந்து பார்த்தபோது பொன்னிறமும் கருநிறமும் கலந்து ஓடும் காட்சி அழகாகத்தான் இருந்தது.

அந்த வாரம் மாண்டஸ் புயல் வந்தது. டிசம்பர் 9-ஆம் நாள் இரவு அது மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. எங்கள் பக்கம் காற்றின் கொடுமை இல்லை. ஆனால் வானம் மூடிக்கொண்டு, வெயில் முகமே காட்டாமல் குளிர் வாட்டியது. தொட்டித் தண்ணீர் 21 பாகைக்கு இறங்கிவிட்டது. மறுநாள் காலை தீனி போட உட்கார்ந்த அப்பா என்னை அழைத்தார்.

“கறுப்பு மீன் மேல உப்புத் தூவினாப்பல இருக்குது, பாரு.”

உண்மைதான். கரிய உடலில் நுண்ணிய வெண்புள்ளிகள். ஒன்றில் ஐந்தாறு, இன்னொன்றில் பத்துப் பன்னிரண்டு. மீன்கள் அடிக்கடி சல்லிக் கற்களில் உடலை உரசிக்கொண்டு பாய்ந்தன. அரிப்பெடுத்த மாடு மரத்தில் உரசுவது போல. மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவர் விசாரித்து, நீல மருந்து ஒன்றின் பெயரைச் சொல்லி, மூன்று நாள் விடும்படி கூறினார். எங்கள் ஊர்க் கடையிலேயே அது கிடைத்தது. 11, 12, 13 ஆகிய மூன்று நாளும் அளவுப்படி விடப்பட்டது. தொட்டி முழுவதும் சொட்டு நீலம் கரைத்த வாளி போல ஆயிற்று. 15-ஆம் நாள் பார்த்தால் ஒரு புள்ளியும் இல்லை! வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. “மருந்துன்னா இதுவல்லவா மருந்து!” என்றார், அப்பாவைப் பார்க்க வந்திருந்த அத்தை.

அந்த மகிழ்ச்சி மூன்று நாளே நீடித்தது. 18-ஆம் நாள் காலையில் மோலிகள் மட்டுமல்ல, நான்கு தங்கமீன்களும் புள்ளிமயமாக நின்றன. ஆறு மோலிகளில் இரண்டு அடியில் மல்லாந்து கிடந்தன. மாலைக்குள் மூன்றாவதும் போயிற்று. எஞ்சியவை நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. தீனியை ஒன்றும் தொடவில்லை. அப்பா ஓர் உருண்டையைப் போட்டுப் பார்த்தார். அது மிதந்தது, ஊறியது, அமிழ்ந்தது. அதன்பின் அவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அன்று மாலை அவர் பயிற்சி எதுவும் செய்யவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ‘மீன் செத்தால் வீட்டுக்கு வர இருந்த கேடு அதோடு போயிற்று’ என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். ‘செத்த மீன் கிடக்கிற வீட்டில் இருக்கிற நோயாளி எப்படித் தேறுவான்? தொட்டியைத் தூக்கி வெளியே வை’ என்று அத்தை அதட்டினார். இரண்டு சாத்திரங்களுக்கும் நடுவே மீன்கள் மூச்சு முட்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் திங்கட்கிழமை. உயிரோடிருந்த மோலி ஒன்றை வாயகன்ற புட்டியில் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு பேருந்தேறி, நம் கல்லூரி விலங்கியல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். எங்கள் பேராசிரியர் முதலில் கேட்ட கேள்வி, “என்ன மருந்து விட்டாய்?” என்பதன்று. “இது வெண்புள்ளி நோய்தான் என்று எப்படித் தெரியும்?” என்பதுதான். ஆண் தங்கமீன்களுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் விளிம்பிலும் வெண்ணிறப் பருக்கள் தோன்றும் என்றும், அவை நோயல்ல, பருவத்தின் அடையாளம் என்றும், அதை அறியாமல் நல்ல மீனுக்கு மருந்து ஊற்றுவோர் உண்டு என்றும் கூறினார். பிறகு ஈரக் கையால் மீனைப் பிடித்து, உடல்மேல் உள்ள வழவழப்பைக் கண்ணாடித் தகட்டின் விளிம்பால் மெல்ல வழித்து, ஒரு சொட்டு நீரிட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்.

நான் கண்ட காட்சியை என்னென்பேன்! பழுப்பு நிற உருண்டை ஒன்று மெதுவாக, மிக மெதுவாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மேனியெங்கும் நுண்ணிய குறுஇழைகள் அலையலையாக அசைந்தன. நடுவே குதிரை லாடம் போல் வளைந்த உட்கரு. “முதலாம் ஆண்டில் பரமீசியம் வரைந்தாய் அல்லவா? அதன் உறவுக்காரன் இவன்” என்றார் பேராசிரியர். ஆம், பரமீசியத்தைப் போலவே இதுவும் குறுஇழைகள் கொண்ட ஒருசெல் உயிரிதான். பரமீசியம் தன்பாட்டில் குட்டை நீரில் வாழ்கிறது. இதுவோ மீனின் தோலுக்கடியில் புகுந்து அதன் திசுக்களைத் தின்று வாழ்கிறது. இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்பது இதன் பெயர். 1876-ஆம் ஆண்டில் ஃபூக்கே என்ற பிரெஞ்சு அறிஞர் இப்பெயரை இட்டார். ‘பல பிள்ளைகளைப் பெற்ற மீன்பேன்’ என்று இதற்குப் பொருள். பெயருக்கேற்ற பிள்ளைப்பேறு என்பதை அடுத்த அரைமணி நேரத்தில் அறிந்துகொண்டேன்.

இதன் வாழ்க்கையில் மூன்று கட்டங்கள் உள்ளன. முதற்கட்டத்தில் அது மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே இருந்து தின்று கொழுக்கிறது. நாம் காணும் வெண்புள்ளி அதுதான். முழுமையாக வளர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும். அப்போது அதன்மேல் மீனின் தோல் போர்வைபோல் மூடியிருப்பதால் நீரில் கலந்த மருந்து அதைத் தொடுவதில்லை. இரண்டாம் கட்டத்தில், பழுத்த பழம் காம்பினின்று உதிர்வது போல் அது மீனை விட்டு விழுகிறது. அடியிலுள்ள கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பசைபோன்ற உறை ஒன்றை அமைத்துக்கொள்கிறது. அந்த உறைக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் பெருகுகிறது. மருந்து அந்த உறையையும் எளிதில் ஊடுருவுவதில்லை. மூன்றாம் கட்டத்தில் உறை கிழிந்து, சில நூறு முதல் ஆயிரம் வரையான குஞ்சுகள் நீரில் நீந்தி மீனைத் தேடுகின்றன. இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை மடிந்துவிடும். நோயின் வாழ்வில் மருந்துக்கு அகப்படும் காலம் இந்த நீந்தும் காலம் ஒன்றுதான்.

“இப்போது சொல், 15-ஆம் நாள் புள்ளி ஏன் மறைந்தது?” என்று கேட்டார் பேராசிரியர்.

எனக்குப் பளிச்சென்று விளங்கிற்று. மருந்தால் மறையவில்லை. புள்ளிகள் பழுத்துத் தாமே உதிர்ந்தன. நாங்கள் மகிழ்ந்திருந்த அந்த மூன்று நாளும் அவை தொட்டியின் அடியில், கல்லின் இடுக்கில், ஒன்று ஆயிரமாகப் பெருகிக்கொண்டிருந்தன! புள்ளியில்லாத அந்த நாட்களே தொட்டிக்குப் பேராபத்தான நாட்கள். மூச்சுத் திணறலுக்கும் விடை கிடைத்தது. செவுளில் புகுந்த கிருமி வெளியே தெரியாது. உடலில் ஒரு புள்ளிகூட இல்லாமலே செவுள் கெட்டு மீன் சாவதும் உண்டாம்.

வெப்பநிலையின் பங்கையும் அவர் விளக்கினார். நீர் 24 முதல் 26 பாகை வரை இருந்தால் இந்தச் சுழற்சி மூன்று முதல் ஆறு நாட்களில் முடிந்துவிடும். 15 பாகையில் பத்து நாளோ அதற்கு மேலோ ஆகும். குளிர்ந்த நீரில் நோய் மெதுவாக நடக்கும். ஆகவே மருத்துவமும் நெடுநாள் நீடிக்க வேண்டும். 21 பாகைத் தண்ணீரில் மூன்று நாள் மருந்து விடுவது, திருடன் வீட்டுக்குள் ஒளிந்திருக்கும்போது தெருவில் காவல் காத்து, அவன் வெளியே வரும் நேரத்தில் உறங்கப் போவதற்கு ஒப்பாகும்.

நீல மருந்தின் வரலாறும் சுவையானது. மெதிலீன் நீலம் என்ற அச்சாயத்தை ஹைன்ரிக் காரோ என்பவர் முதலில் தயாரித்ததும் அதே 1876-இல்தான். துணிக்கு ஏற்ற சாயமாக வந்தது, 1891-இல் குட்மான், எர்லிக் ஆகியோர் கையில் மலேரியாவுக்கு மருந்தாயிற்று. பின்னர் மீன்தொட்டிக்கும் வந்தது. வெண்புள்ளிக்குப் பலரும் பயன்படுத்தும் மாலகைட் பச்சையும் பட்டு, கம்பளி முதலியவற்றுக்கான சாயமே. அது வலுவான மருந்துதான்; ஆனால் நஞ்சு. உண்ணும் மீன்களுக்கு அதைப் பயன்படுத்துவதைப் பல நாடுகள் தடை செய்துள்ளன. ஃபார்மலினோ, நம் ஆய்வுக்கூடத்தில் கண்ணைக் கரிக்கும் அதே பொருள். நோயாளி படுத்திருக்கும் அறையில் அதைத் திறக்கலாமா? ஆகவே பேராசிரியர் எனக்கு வகுத்துக் கொடுத்த மருத்துவத்தில் மூன்றே பொருள்கள் இருந்தன: வெப்பம், உப்பு, புதுத் தண்ணீர். நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்: நாட்காட்டி.

டிசம்பர் 20-ஆம் நாள் தொடங்கினோம். சிறிய நீர்ச் சூடேற்றி ஒன்றை நண்பன் ஒருவன் இரவலாகக் கொடுத்தான். ஒரேயடியாகச் சூடேற்றினால் மீன் தாங்காது. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு பாகை என்ற கணக்கில் இரண்டு நாளில் 30 பாகைக்குக் கொண்டுவந்தோம். அந்த வெப்பத்தில் கிருமியின் சுழற்சி விரைவுபடும். அதன் பெருக்கமும் பொதுவாகத் தளரும். வெப்பம் ஏறினால் நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு கரையும் ஆக்சிஜன், 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். செவுள் கெட்ட மீனுக்கு அந்தக் குறைவும் எமன். எனவே காற்றுப் பம்பு இரவும் பகலும் ஓடியது.

உப்பு, லிட்டருக்கு 2 கிராம். அறுபது லிட்டருக்கு 120 கிராம். அயோடின் சேராத கல்லுப்பை மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் குவளையில் கரைத்து, அரை நாள் இடைவெளியில் ஊற்றினோம். செடிகளை எடுத்து மீனில்லாத வாளி ஒன்றில் தனியே வைத்தோம். அவற்றில் ஒட்டியிருந்த கிருமி, குஞ்சு பொரித்தாலும் மீன் கிடைக்காமல் அழிந்துவிடும் அல்லவா?

ஒருநாள் விட்டு ஒருநாள் ரப்பர்க் குழாயால் சல்லிக் கற்களின் இடையிலிருந்து அழுக்கோடு பதினைந்து லிட்டர் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றினேன். அந்த அழுக்கில் கிருமியின் உறைகளும் போகும். அதே அளவு புதுத் தண்ணீரில் 30 கிராம் உப்பைக் கரைத்து, சூட்டைச் சமப்படுத்தி ஊற்றினேன். எங்கள் ஊருக்கு வருவது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர். அதில் குளோரின் கலந்திருப்பதால் முதல்நாளே பிடித்துத் திறந்து வைக்க வேண்டும். பதினைந்து லிட்டர் என்றால் ஒரு குடம். “குடிக்கிற தண்ணிக்கே குழாயடியில காத்துக் கிடக்கிறோம். மீனுக்கு ஒரு குடமா?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். உப்புத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்குக்கூட ஊற்ற முடியாது. ஆனாலும் மறுநாள் காலையில் வாசலில் ஒரு குடம் தனியாக இருந்தது. அம்மா வாயால் ‘சரி’ என்று சொல்லவில்லை, குடம் சொல்லிற்று.

முதல் மூன்று நாள் மனம் உடைக்கும் நாட்கள். நான் கல்லூரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த மோலி 20-ஆம் நாளே இறந்தது. 22-ஆம் நாள் தங்கமீன்களில் ஒன்று போயிற்று. அத்தை மீண்டும் வந்து, “இன்னும் வைத்திருக்கிறீர்களா?” என்றார். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

22-ஆம் நாள் இரவு பத்து மணிக்கு மின்சாரம் நின்றது. காற்றுப் பம்பு ஓய்ந்தது. ஐந்து நிமிடத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. நான் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினேன். அப்படிச் செய்தால் காற்று கலக்கும். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, “அந்தச் சின்னக் கப்பைக் கொடு” என்றார். மருந்து குடிக்கும் பிளாஸ்டிக் கப்பு அது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டு, மொண்டு மொண்டு ஊற்றினார். பாதித் தண்ணீர் போர்வையில் சிந்தியது. நாற்பது நிமிடத்துக்குப் பின் விளக்கு வந்தது. நான்கு மாதமாக எந்தப் பயிற்சியையும் அவர் அவ்வளவு நேரம் விடாமல் செய்து நான் கண்டதில்லை.

24-ஆம் நாள் புள்ளிகள் குறையத் தொடங்கின. 26-ஆம் நாள் ஒரு தங்கமீனின் வாலில் ஒரே ஒரு புள்ளி இருந்தது. 27-ஆம் நாள் அதுவும் இல்லை. மூன்று தங்கமீன்களும் இரண்டு மோலிகளும் மிஞ்சின. அன்று மாலை ஒரு தங்கமீன் கண்ணாடியருகே வந்து வாயை அசைத்தது. அப்பா ஓர் உருண்டை போட்டார், அது விழுங்கியது.

இந்த இடத்தில்தான் வீட்டில் கருத்து வேறுபாடு எழுந்தது. “சரியாப் போச்சே, இனி எதுக்கு உப்பும் கரண்டும்?” என்றார் அம்மா. புத்தாண்டு வரப்போகிறது, செடிகளை மறுபடி நட்டு, விளக்குப் போட்டுத் தொட்டியை அழகாக வைக்கலாமே என்றாள் தங்கை. கடைசிப் புள்ளி மறைந்தபின் இரண்டு வாரம் தொடர வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்ததை எடுத்துரைத்தேன். யாருக்கும் அது பிடிக்கவில்லை. அப்போது அப்பா மெதுவாகக் கேட்டார்:

“தைச்சு முடிச்சாச்சு, சரி. நூலை முடிஞ்சீங்களா?”

தையற்காரருக்குத் தெரியும், கடைசித் தையலோடு வேலை முடிவதில்லை. பொத்தானைத் தைத்து நூலை அறுத்தால் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். முடிச்சுப் போடாவிட்டால் நாலு துவைப்பில் கழன்று விழும். நுண்ணோக்கியில் நான் அரைமணி நேரம் கற்றதை அவர் தம் தொழிலிலிருந்து ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார். அதற்குப்பின் வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

தலைமாட்டுச் சுவரில் தையல் சாக்கால் நாளைக்கு ஒரு கோடு போட்டு வந்தார் அப்பா. முதல் சில கோடுகள் இடக்கையால் போட்டவை, நேராக இருந்தன. பிற்பாடு வலக்கைக்கு மாற்றிக்கொண்டார்; அவை கோணலாக விழுந்தன. பதினான்காம் கோடு 2023 ஜனவரி 9-ஆம் நாள் விழுந்தது. அதன்பிறகே சூடேற்றியை அணைத்தோம். சாதாரணத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்தோம். இதுவரை அந்தத் தொட்டியில் வெண்புள்ளி வரவில்லை. ஒருமுறை நோய் கண்டு பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டாகிறது என்பதும் அறிவியல் கண்ட உண்மையே.

இந்த நியாயம் வெண்புள்ளிக்கு மட்டும் உரியதன்று. கெண்டை வளர்க்கும் குளங்களில் பெருந்தொல்லை தரும் மீன்பேனாகிய ஆர்குலஸ், முட்டைகளைக் கற்களிலும் செடிகளிலும் வரிசையாக ஒட்டிவிட்டுப் போகிறது. மருந்து பேனைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். முட்டை பொரிக்கும் நாள் பார்த்து மீண்டும் மருந்திட வேண்டும். நங்கூரப்புழுவைச் சாமணத்தால் பிடுங்கிவிடலாம். அதன் இளம் பருவங்கள் நீரில் நீந்திக்கொண்டிருக்கும். மனிதருக்கு வரும் வைவாக்ஸ் மலேரியாவில், காய்ச்சல் நின்ற பிறகும் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடக்கும். அதனால்தான் நம் நாட்டில் அந்நோயாளிக்குப் பிரைமாகுவின் மாத்திரையைப் பதினான்கு நாள் கொடுக்கின்றனர். காய்ச்சல் விட்டதும் மாத்திரையைத் தூக்கி எறிபவர், பொத்தானுக்கு முடிச்சுப் போடாதவரே.

மீன் வளர்க்க விரும்பும் மாணவ நண்பர்களுக்குச் சில சொற்கள். புது மீன் வந்தால் மூன்று நான்கு வாரமாவது தனி வாளியில் வைத்துப் பாருங்கள். அதற்கெனத் தனி வலை வையுங்கள். ஈர வலையே நோயைச் சுமந்து செல்லும். புள்ளியைக் கண்டால் மருந்துக் கடைக்கு ஓடுமுன் நம் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள். நுண்ணோக்கி தேர்வுக்காக மட்டும் வைத்திருக்கும் பொருளன்று. மார்கழிக் குளிரில் தண்ணீரின் வெப்பநிலையை நாள்தோறும் பாருங்கள். சூடேற்றியின் இணைப்பைப் பிடுங்காமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள்.

பொங்கலுக்கு மாமா வந்தபோது பையில் இரண்டு மீன்கள் கொண்டுவந்தார். வாசலில் நின்றுகொண்டே, “வாளி எங்கே?” என்று கேட்டார். அப்பா இன்னும் இயந்திரத்தில் உட்காரவில்லை. ஊசியில் நூல் கோக்க அவரால் இயலாது. ஆனால் தீனி உருண்டைகள் இப்போது சிதறுவதில்லை. பயிற்சி கொடுப்பவர், ‘நல்ல முன்னேற்றம், இனி வாரத்துக்கு ஒருமுறை செய்தால் போதுமா என்று கேட்பவர்கள்தான் அதிகம்’ என்று சொன்னாராம். அப்பா அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.